தூண்டில் கேள்வி பதில்: கொடுவாவைக் கையில் எடுக்க முன்

களனி கங்கை முகத்துவாரத்தில் கொடுவா பிடிப்பது பற்றிப் போன இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. முக்கால்வாசிப் பேர் கேட்டது கம்பு, ரீல், தங்கூசி பற்றி. மிச்சப் பேர் கேட்டது பிடித்த மீனை என்ன செய்வது என்று. இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் இவை இரண்டு கேள்வி அல்ல. திருப்பி விடுகிற மீன் பிழைக்குமா செத்துப்போகுமா என்பதில் பாதி, நீங்கள் கடையில் நின்று எதை வாங்குகிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

வெள்ளவத்தை வாசகர்: யூடியூப்பில் அமெரிக்கக்காரர்கள் பாஸ் மீன் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பொல்கொடவில் அந்த மீன் கிடைக்குமா? அவர்கள் பாவிக்கும் சாமான்கள் இங்கே சரிவருமா?

கிடைக்காது தம்பி. அதைத் தேடிக் கொழும்பைச் சுற்றி அலைய வேண்டாம். நீங்கள் பார்த்தது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். அங்கே 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீன்தான் இன்றும் பேச்சு. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதோடு சமனாக நின்றது. ஜப்பானுக்கு அந்த மீன் எப்படிப் போனது என்றால், 1925இல் கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவி உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கத் தொடங்கி, 2005இல் அந்த மீனை உயிரோடு வைத்திருப்பதையும் கொண்டுபோவதையும் தடுக்கிற சட்டம் போட வேண்டியதாயிற்று. ஆகவே, யாராவது குஞ்சு கொண்டுவந்து இங்கே விட்டால் நல்லாயிருக்கும் என்ற எண்ணம் மனதில் ஓரமாக இருந்தால் தயவுசெய்து அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

நமக்கு நம்முடைய பாஸ் இருக்கிறது. ஏசியன் சீ பாஸ் என்று உலகம் சொல்வதும், அவுஸ்திரேலியக்காரர்கள் பராமுண்டி என்று தலையில் வைத்துக் கொண்டாடுவதும், சிங்களத்தில் மோதா என்பதும் நம் கொடுவாதான். நீர்கொழும்புக் களப்பு, களனி முகத்துவாரம், பொல்கொட, பாணந்துறை, பெந்தோட்டை என்று உப்பும் நன்னீரும் கலக்கிற இடமெல்லாம் அதன் வீடு. பாஸ் போலவே இதுவும் மறைவில் காத்திருந்து பாய்கிற மீன், அதனால் அந்த வீடியோக்களில் கற்ற எறிதலும் இழுத்து நிறுத்துகிற முறையும் வீண் போகாது. சாமான்தான் ஒரு படி தடிப்பாக வேண்டும். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மட்டக்குளி வாசகர்: முப்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கொடுவாவுக்கு என்ன செட் வாங்கலாம்? கடைக்காரர் மெல்லிய தங்கூசிதான் "ஸ்போர்ட்" என்கிறார்.

கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், இந்த ஒரு விசயத்தில் மட்டுமாவது.

ஏழு அடிக் கம்பு, மீடியம் ஹெவி, அதாவது நடுத்தரத்தை விடக் கொஞ்சம் தடிப்பு. ரீல் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங். பெயிட்காஸ்டர் ரீல் அழகுதான், ஆனால் கடல்காற்றுக்கு எதிராக எறியும்போது நூல் கூடு கட்டிக்கொள்ளும், முதல் வருசத்துக்கு வேண்டாம். ரீலில் 20 முதல் 30 இறாத்தல் தாங்குகிற பிரெய்ட் என்கிற பின்னல் நூல், அதன் முனையில் ஒரு மீற்றர் அளவுக்கு 40 இறாத்தல் லீடர், அதாவது தடித்த முன்நூல். லீடர் இல்லாமல் எறியவே கூடாது. கொடுவாவின் வாய்க்குள் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தால் தெரியும், பல் என்று பெரிதாக ஒன்றும் தட்டுப்படாது, மண்கடதாசி மாதிரி சொரசொரப்பு மட்டும்தான், அது உராய்ந்தே நூலைத் தேய்த்துவிடும். செவுள்மூடியின் ஓரமோ பிளேட். மீன் தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறும்போது அந்த ஓரத்தில் வெறும் பிரெய்ட் பட்டால் அவ்வளவுதான், மீன் உங்கள் லூரை, அதாவது போலி இரையை, வாயில் கொழுவிக்கொண்டே போய்விடும். அப்படிப் போன மீனுக்கு என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

மெல்லிய நூல் பற்றி. 8 இறாத்தல் நூலில் ஆறு கிலோ மீனை அரை மணித்தியாலம் ஆட்டம் காட்டி எடுப்பது திறமைதான், மறுக்கவில்லை. அந்த அரை மணித்தியாலமும் மீன் தன் தசையிலுள்ள பலம் முழுவதையும் எரித்துக்கொண்டிருக்கிறது, அதன் இரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கிறது. நம்முடைய தண்ணீர் வருசம் முழுக்கச் சூடு, சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. ஓடிக் களைத்தவனை மூச்சு விட முடியாத அறைக்குள் தள்ளுவது போலத்தான் அந்த மீனைத் திருப்பி விடுவதும். நீந்திப் போவது போலத் தெரியும், ஒரு மணித்தியாலம் கழித்துச் செத்து மிதக்கும். பலமான நூல் போட்டு ஐந்து நிமிசத்தில் கரைக்கு எடுங்கள், வேட்டையின் சுகம் ஒன்றும் குறைந்துவிடாது.

டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்கிற இறுக்கத்தை, நூலின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வையுங்கள். 20 இறாத்தல் நூல் என்றால் ஐந்தாறு இறாத்தல். கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாமல் ஒரு கொக்கித் தராசை நூலில் மாட்டி இழுத்துப் பாருங்கள், நாம் நினைப்பதற்கும் உள்ளதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

முடிச்சில் அவசரப்படாதீர்கள். பிரெய்ட்டையும் லீடரையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு நல்லது, கம்பு வளையத்துக்குள் தடங்காமல் போகும், பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரை டபுள் யூனி போதும். எந்த முடிச்சையும் இறுக்க முன் எச்சிலால் நனையுங்கள்.

இனி முள். கம்புக்குக் காசைக் கொட்டிவிட்டு முள்ளை மலிவாக வாங்குகிற பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. கடையில் வாங்குகிற லூரில் பெரும்பாலும் இரண்டு டிரெபிள், அதாவது மூன்று கூர் முள், தொங்கும், ஆக ஆறு கூர். ஒன்று வாயில் ஏறினால் மற்றது கண்ணிலோ செவுளிலோ குத்தும், கழற்றுவதற்குள் மீன் பாதி செத்துவிடும். நான் எல்லா லூரிலும் டிரெபிளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டுவிட்டேன், கூருக்குக் கீழே பின்நோக்கி நிற்கிற எதிர்முள்ளையும் பிளையரால் நசுக்கிவிடுகிறேன். மீன் கழன்று போகாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நூலைத் தளரவிட்டால்தான் போகும். லூர் 9 முதல் 12 சென்ரிமீற்றரில் சிறுமீன் வடிவ மினோ ஒன்று, அதே அளவில் ஜிக் ஹெட் என்கிற பாரத்தலை முள்ளோடு ரப்பர் மீன் இரண்டு நிறத்தில், தொடங்க இவ்வளவு போதும்.

உயிர் இறால் அல்லது சின்ன மடவை கொழுவிப் போடுகிறவர் என்றால் சேர்க்கிள் ஹூக் மட்டும் பாவியுங்கள். கூர் உள்நோக்கி வளைந்திருப்பதால் விழுங்கினாலும் வயிற்றில் குத்தாமல் வழுகி வந்து வாயின் ஓரத்தில் மாட்டும். ஒரே நிபந்தனை, மீன் எடுத்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. நூல் இறுகும் வரை விட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். சின்ன வயதில் கைத்தூண்டிலில் சட்டென்று இழுத்துப் பழகிய கைக்கு இது கஷ்டம், எனக்கு ஒரு மாரி முழுக்க எடுத்தது.

மிச்சக் காசில் ரப்பர் வலை போட்ட கைவலை ஒன்றும் நீள மூக்குப் பிளையர் ஒன்றும். முடிச்சுப் போட்ட நைலோன் வலை வேண்டாம், செட்டையைக் கிழிக்கும், செதிலை உரிக்கும். காசு பற்றாவிட்டால் கம்பில் குறையுங்கள், வலையில் குறைக்காதீர்கள்.

வத்தளை வாசகர்: போன மாதம் நல்லதொரு கொடுவா பட்டது. இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு ஆசையாகத் திருப்பி விட்டேன். பத்து நிமிசத்தில் வயிறு மேலே தெரிய மிதந்தது. என்ன பிழை விட்டேன்?

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் காக்கைதீவில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. பதினொரு வருசம் இருக்கும். காலை ஒன்பது மணி, வெயில் ஏறிவிட்டது. கிட்டத்தட்ட ஏழு கிலோ மீன். முள்ளைக் கழற்றி, படமெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று சீமெந்துக் கட்டில் கிடத்தினேன். நண்பர் போனைத் தேடி, கண்ணாடியைத் துடைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. மீனைத் தூக்கியபோது கட்டின் மேல் அதன் உருவம் அப்படியே படிந்திருந்தது, தலை, வயிறு, வால் எல்லாம், ஓரத்தில் இரண்டு செதிலோடு. தண்ணீர் என்று நினைத்தேன். விரலால் தொட்டால் வழவழவென்று இழுபட்டது. மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கிற கோழை அது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே வெயிலில் காய்ந்து நத்தை போன தடம் மாதிரிப் பளபளத்தது. அந்தக் கோழைதான் கிருமி உள்ளே போகாமல் மீனைக் காக்கிற தோல். அதில் ஒரு பக்கத்தைச் சீமெந்தில் ஒட்டவைத்துவிட்டுத்தான் மீனை ஆற்றில் விட்டிருக்கிறேன். அடுத்த நாள் அதே இடத்துக்குக் கொஞ்சம் கீழே கரையொதுங்கிக் கிடந்தது, மேல் உதட்டில் என் முள் குத்திய துளையோடு.

அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் கை இரண்டையும் ஆற்றுத் தண்ணீரில் நனைப்பேன். காய்ந்த கை, துணி, துவாய் எதுவும் மீனில் படக் கூடாது. மீன் கைவலைக்குள் வந்ததும் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்து அங்கேயே முள்ளைக் கழற்றுவேன், பெரும்பாலான மீனை வெளியே எடுக்கிற தேவையே வராது. முள் ஆழமாகத் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டுவதில்லை, லீடரை முள்ளுக்குக் கிட்டவாக வெட்டிவிடுவேன். நோண்டி எடுக்கிறோம் என்று செவுளைக் கிழித்து இரத்தம் வந்தால் மீன் பிழைப்பது அபூர்வம்.

படம் வேண்டும் என்றால் எடுக்கலாம், அதில் தப்பில்லை. கமெரா தயார் என்று மற்றவர் சொன்ன பிறகுதான் மீன் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். ஒரு கை வாலடியில், மற்றக் கை வயிற்றுக்குக் கீழே, மீன் படுத்தபடியே. வாயில் பிடித்துத் தொங்கவிடுவது பாஸ் வீடியோவில் பார்த்த பழக்கம். ஒன்றரைக் கிலோ பாஸுக்குச் சரி, ஐந்து கிலோ மீனின் பாரம் முழுவதும் தாடையிலும் முள்ளந்தண்டிலும் இழுக்கும். மீனை வெளியே எடுக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கினால் மீனுக்கு எப்பவோ முட்டிவிட்டது. செவுளுக்குள் விரல் விடவே வேண்டாம், அது உங்கள் விரலுக்கும் நல்லதல்ல, அந்தச் செவுள்மூடி கையை எப்படி வெட்டும் என்பதற்கு என் இடது உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது.

விடும்போது எறியாதீர்கள். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து வாலடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவது பலர் செய்கிற பிழை, பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகிறது. ஓட்டம் இல்லாத இடமென்றால் முன்னோக்கி மட்டும் மெதுவாக நடத்துங்கள். வாய் ஒழுங்காகத் திறந்து மூடும், பிறகு வால் கையை உதைக்கும், அப்போது விட்டுவிடலாம். சில நேரம் ஐந்து நிமிசமும் எடுக்கும், முழங்கால் வரை சேற்றில் நிற்க வேண்டி வரும். நிற்க வேண்டியதுதான்.

கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர்: என் மகன் ஞாயிறு தவறாமல் போய் மீன் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிட்டு வருகிறான். சாப்பிடவும் இல்லை, விற்கவும் இல்லை. அந்த வாயில்லாச் சீவனை வதைப்பது பாவமில்லையா?

அம்மா, நீங்கள் கேட்டதை நானும் என்னிடம் கேட்டிருக்கிறேன். மீனுக்கு ஒன்றும் ஆகாது, அதுக்கு வலிக்காது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். முள் குத்துவது குத்துவதுதான், எவ்வளவு கவனமாக விட்டாலும் சிலது சாகும். அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன். ஆற்றங்கரையில் விடியற்காலையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறவனுக்குத்தான் அந்த ஆற்றில் எப்போது எண்ணெய் மிதக்கிறது, எப்போது மீன் செத்து ஒதுங்குகிறது என்று முதலில் தெரிகிறது. ஆனால் இதை உங்கள் கேள்விக்குப் பதிலாக வைக்கவில்லை. நான் எனக்குப் போட்ட கட்டுப்பாடுகளை மட்டும் சொல்கிறேன், மகனிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மீன், அதோடு தூண்டிலை மடக்கிவிடுவேன். நல்ல வெயிலில் போக மாட்டேன். பிழைக்காது என்று தெரிகிற மீனை விட்டுவிட்டு நல்ல பிள்ளை போல் வர மாட்டேன், தலையில் ஓங்கி அடித்து ஒரேயடியாக முடித்து, இரத்தம் வடித்து, ஐஸில் போட்டுக் கொண்டுவந்து சமைப்போம். வாளிக்குள் மூச்சுக்குத் துடிக்க விடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பிடித்து விடுவதை விட, இரண்டு பிடித்து ஒன்றைச் சமைத்து உங்களுக்குத் தருவது மேல் என்று மகனுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று, போயா தினத்தில் விகாரைக்குப் பக்கத்துத் தண்ணீரில் தூண்டிலோடு நிற்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். வெள்ளை உடுத்து வருகிறவர்களின் மனதை நோகடித்துப் பிடிக்கிற மீன் நமக்குத் தேவையில்லை.

பத்தரமுல்லை வாசகர்: தியவன்னா ஓயாவில் கத்தி மாதிரித் தட்டையான, வால்பக்கம் கறுப்புப் பொட்டுப் பொட்டாக உள்ள மீன் படுகிறது. இதையும் விட வேண்டுமா?

விடக் கூடாது. அது கிளவுன் நைஃப் மீன், தென்கிழக்காசியாக்காரன். அழகு மீனாகத் தொட்டியில் வளர்க்கக் கொண்டுவந்தது, தொட்டிக்கு மேலாக வளர்ந்ததும் யாரோ ஓயாவில் கொட்டியிருக்கிறார்கள், இப்போது பொல்கொடவிலும் இருக்கிறது. நம் சிறுமீன்களைத் தின்றே வளர்கிறது. மேலே சொன்ன பிவா ஏரியில் 2003இலிருந்து பிடித்த பாஸைத் திருப்பி விடுவதே தடை. விடுவது எல்லா இடத்திலும் புண்ணியம் இல்லை. இதைக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள், முள் அதிகம், அரைத்துக் கட்லட் செய்தால் நன்றாக இருக்கும். உயிரோடு வேறு குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தெஹிவளையிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவன்: எனக்கு ரீல் வாங்கித்தர அப்பா மறுக்கிறார். என்ன செய்யலாம்?

அப்பா சொல்வது சரி என்றுதான் நினைக்கிறேன் தம்பி. ஒரு கட்டையில் தங்கூசி சுற்றி, சின்ன முள், பாண் உருண்டையோடு திலாப்பியா பிடியுங்கள். மீன் கொத்துவது விரலில் தெரியும், எந்த ரீலும் அதைக் கற்றுத் தராது. பெரியவர் ஒருவர் இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம். பெல்லன்வில அத்திடிய பக்கம் வேண்டாம், அது 1990இலிருந்து சரணாலயம். பொல்கொடவில் முதலை இருக்கிறது, அங்கே யாரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று எறியக் கூடாது, பெரியவர்களும்தான். வெட்டி எறிகிற நூல் துண்டுகளைப் போட ஒரு பழைய போத்தல் கொண்டுபோங்கள். பேரே வாவியில் காலில் தங்கூசி சுற்றிய கூழைக்கடா ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அது பறக்கும்போது நூலும் பின்னால் தொங்கிக்கொண்டே போனது.

பம்பலப்பிட்டி வாசகர்: விரலில் முள் ஏறிவிட்டால்?

எதிர்முள் நசுக்கியிருந்தால் வந்த வழியே வழுகி வரும். நசுக்காத முள் சதைக்குள் புதைந்திருந்தால், அல்லது கண், மூட்டுப் பக்கம் என்றால், இழுக்காமல் நூலை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பூசி போட்டுப் பல வருசம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

நீர்கொழும்பு வாசகர்: எவ்வளவு பெரிய கொடுவாவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்? பெரிதைக் கொண்டுபோய்ச் சின்னதை விடுவதுதானே நியாயம்?

எல்லா மீனுக்கும் பொதுவாக அப்படித்தான் நாம் நினைத்துப் பழகிவிட்டோம், கொடுவாவில் அது முழுக்கச் சரியில்லை. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. சில வருசம் ஆணாகவே இருந்து, வளர்ந்த பிறகு அதே மீன் பெண்ணாக மாறுகிறது. அவுஸ்திரேலியாவில் பார்த்தவரை அந்த மாற்றம் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றருக்கு மேல்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் கையில் ஒரு மீற்றர் மீன் இருந்தால் அது பெரும்பாலும் தாய். முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் இலட்சக்கணக்கில் முட்டை போடப் போகிற மீன். அந்த அளவு வர அதற்குப் பல வருசம் எடுத்திருக்கும், வலை, தூண்டில், கழிவு எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கும். குவீன்ஸ்லாந்தில் இதனால்தான் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் எடுக்கக் கூடாது, 120க்கு மேற்பட்டதையும் எடுக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறார்கள்.

நான் எனக்குப் போட்ட கோடு அதைவிட இறுக்கம். 60க்கும் 75க்கும் இடையில் ஒன்று, அதுவும் வீட்டில் சமைக்கிற நாள் என்றால். மூன்று கிலோ பக்கம் இருக்கும், தேங்காய்ப்பால் விட்டுப் புளி குறைத்து வைத்தால் ஐந்து பேருக்குத் தாராளம், சதையும் பெரிய மீனை விட மென்மை. அதற்கு மேற்பட்டது எல்லாம் திரும்பப் போகும். வருகிற போகிறவர்கள், "என்ன அண்ணை, இவ்வளவு பெரிய மீனை விடுறீங்க" என்று கத்துவார்கள். ஒருமுறை ஒருவர் என் கையிலிருந்தே பறிக்கப் பார்த்தார். அவரிடம் இதே தாய்க் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுத் தானும் தண்ணீருக்குள் இறங்கி வலையைப் பிடித்தார்.

அளக்க மீனை வெளியே எடுக்காதீர்கள். கம்பின் அடியிலிருந்து 60, 75, 100 என்று மூன்று இடத்தில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். மீன் வலைக்குள் தண்ணீரில் கிடக்கும்போதே பக்கத்தில் கம்பை வைத்துப் பார்த்தால் போதும்.